சாமை வயலில் இல்லாத குண்டுமணி

தியாகதுருகம்,
03.10.2025

பகலவனுக்கு உன் தந்தை தங்கமணி எழுதுவது.

நலம் விசாரிக்கும் வரிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கைப்பேசியில் பேசினால் பாதியில் "சிக்னல் இல்லப்பா" என்பாய். ஆகவே பதிவுத் தபால். நீதிமன்றத்தில் எழுதிப் பழகிய கை. உன் மீதான குறைகளையும் அப்படியே வரிசைப்படுத்துகிறேன்.

1. 14.03.2025: உன் அம்மாவுக்கு மார்பில் அறுவைச் சிகிச்சை. பெங்களூரிலிருந்து நீ வரவில்லை. பிறகு மருந்து ஏற்றிய மாதங்களிலும் வரவில்லை. பூங்கொத்துப் படம் ஒன்றை அனுப்பினாய்.

2. 27.08.2025: பிள்ளையார் சதுர்த்திக்கு மனைவியோடு வந்தாய். அம்மா வளர்த்த எலியைக் கண்டு சந்தியா அலறினாள். நிர்மலா தன் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டு, அதைக் கூடையில் போட்டு மூடினாள். நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

3. 28.08.2025: கடையில் எலி பிடிக்கும் பசை அட்டை வாங்கிவந்தாய். அம்மா மாத்திரை போட்டுத் தூங்கியதும் கூடையைத் திறந்துவிட்டாய். அட்டையின் நடுவில் கொழுக்கட்டைப் பூரணம் வைத்தாய். முந்தைய நாள் மூஷிக வாகனனைக் கும்பிட்டவள் தன் கையால் செய்த பூரணம்.

4. 29.08.2025: அம்மாவிடம் பொய் சொன்னாய்.

நான்காவதை விளக்க வேண்டியிருக்கிறது.

நெல் மூட்டையை நகர்த்தியபோது கண் திறக்காத குஞ்சாகக் கிடந்தது அது. விளக்குத் திரியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தாள். குண்டுமணி என்று பெயர் வைத்தாள். முடியெல்லாம் உதிர்ந்த தலையில் ஏறி அது படுத்துக்கொள்ளும். "எனக்கு இப்ப இதாங்க முடி" என்று சிரிப்பாள். வாந்தியும் வலியுமாக இருந்த அந்த நாட்களில் இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். படித்தவனான நான் முதலில் முகம் சுளித்தேன். பின்னர் அதற்கு வேர்க்கடலை வறுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று.

29ஆம் தேதி விடியற்காலையில் நீங்கள் இருவரும் காரில் மலைக்குக் கிளம்பினீர்கள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், குப்பையில், கருப்புப் பையொன்று அசைந்தது. பிரித்தேன். அட்டையை நடுவில் மடித்துப் போட்டிருந்தாய். பகலவன், அது உயிரோடு இருந்தது. ஒரு பக்கத்துத் தோல் பசையோடு உரிந்திருந்தது. கொல்வதற்குக்கூட உனக்குப் பொறுமை இருக்கவில்லை. அந்த மிச்ச வேலையை நான் செய்தேன். முருங்கை மரத்தடியில் புதைத்தேன்.

மாலையில் வந்து, "பக்கத்துல வுட்டா திரும்பி வந்துடும்மா, அதான் வெள்ளிமலை வரைக்கும் எடுத்துக்கினு போனேன். ஒரு சாமை வயல்ல வுட்டுட்டேன்" என்றாய். கரியாலூர் அருவியில் நீங்கள் குளித்த படங்களை நானும் பார்த்தேன். அம்மா அழுதாள். பிறகு, "வயிறாரத் தின்னும் இல்லடா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உன் பொய்க்கு நான் காவலிருந்தேன்.

அதன் விலையைக் கேள். கடந்த மூன்று ஞாயிறும் என்னை இழுத்துக்கொண்டு மலைப் பேருந்து ஏறினாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். முந்தானையில் வேர்க்கடலை முடிந்துகொண்டு வரப்பு வரப்பாக நின்று கூப்பிட்டாள். குஞ்சம்மாள் என்ற வயல்காரப் பெண்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எலிய அடிக்க வந்தவங்களப் பாத்துக்கீறேன், எலிய அழைக்க வந்தவ நீதாம்மா" என்றார். நிர்மலாவின் முக்காடு காற்றில் நழுவியதும் அவர் சிரிப்பு நின்றது. தண்ணீர் கொடுத்து, "அறுப்பு முடியற வரைக்கும் எங்க வயல்ல பொறி வெக்கமாட்டேன், போ" என்றார். யாரென்றே தெரியாதவர்.

நோய் திரும்பியிருக்கிறது. மறுபடியும் மருந்து ஏற்ற வேண்டும். 13ஆம் தேதியைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உன் அம்மா மறுக்கிறாள். "ஒரே ஒரு வாட்டி அதக் கண்ணால பாத்துட்டு வந்து படுத்துக்கறேங்க" என்கிறாள். அது அங்கே இல்லாமல் இருக்கலாம் அல்லவா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "எம்புள்ள வுட்டேன்னு சொல்லிக்கீறான். அவன் எங்கிட்ட பொய் சொல்லமாட்டான்" என்றாள். நான் சொன்னாலும் நம்ப மாட்டாள். உன் வாயால் வந்தது உன் கையால்தான் போக வேண்டும்.

ஆகவே, நீ செய்தது முழுவதையும் உன் கையெழுத்தில் உன் அம்மாவுக்கு எழுது. "எங்களுக்குத் தெரியாமல்", "சூழ்நிலை காரணமாக" போன்ற சொற்கள் அதில் இருக்கக் கூடாது. 11.10.2025 சனிக்கிழமைக்குள் அது என் கைக்கு வர வேண்டும். நானே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

வராவிட்டால், மறுநாள் ஞாயிறு காலை நீ நேரில் வந்து அவளை வெள்ளிமலைக்கு அழைத்துப் போக வேண்டும். கார் வேண்டாம், பேருந்து. அவள் வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குஞ்சம்மாளின் வரப்பில் அவள் பக்கத்தில் நின்று, குண்டுமணி, குண்டுமணி என்று உரக்கக் கூப்பிட வேண்டும்.

மூன்று ஞாயிறும் நானும் கூப்பிட்டேன். இனி என்னால் முடியாது.

உனக்குரிய ஆசியை உன் பதில் வரும்வரை நானே வைத்திருக்கிறேன்.

இன்னும் உன் தந்தையாக இருக்கும்,
தங்கமணி