கடல் பக்கம் திரும்பிய குழாய்

துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்தேன். பள்ளிவாசலின் குழாய் ஸ்பீக்கர் இன்னும் கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. உப்புக்காற்றில் அதன் வெள்ளைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துவிட்டது. விளிம்பில் ஒரு காகம் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உனக்காகத் திருப்பிய குழாய் அப்படியே நிற்கிறது.

அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் என்னை ஏதோ ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

நாம் கடைசி வருஷங்களில் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் திருவொற்றியூர் ஸ்டேஷன் படிக்கட்டில்தான். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போவேன். நீ ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து ரயிலை விட்டு இறங்குவாய். கல்லூரிக்கு ஒன்றாக ரயிலேறியவர்கள், ஒருத்தி இறங்கும்போது ஒருத்தி ஏறுகிறவர்களாகிவிட்டோம். உன் புடவையில் டெட்டால் வாசனை அடிக்கும். படிக்கட்டை விட்டு ஓரமாக நின்று, அன்றைய புகார்களை எல்லாம் கொட்டிவிட்டுத்தான் போவாய்.

"காலைல வந்து படுக்குறேன்டி. நல்லா அசந்து தூங்குற நேரம் பாத்து மத்தியானப் பாங்கு. குழாய் நேரா என் ஜன்னல்ல மூக்க நீட்டிகினு கீது."

"அல்லாதானே கூப்புடறார்? எழுந்துக்க."

"அல்லா மேல எனக்கு இன்னா கோவம்? குழாய் மேலதான்."

ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் கேட்டுக்குப் போனாய். பாங்கு சொல்கிற மோதினார் செருப்பு வைக்கும் இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகச் சொன்னாய்.

"பாங்கு வேணாம்னு சொல்லல மாமு. கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்குங்க."

"நீ எழுந்து தொழுவணும்னுதாம்மா கூப்புடுறேன்."

"எழுந்துதான் தொழுவறேன். என்ன எழுப்பறதுக்கு எங்கம்மா போதும். உங்க கொரலு மண்டைக்குள்ள வந்து உக்காந்துக்குது."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். மறுநாளே ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்திக் குழாயைக் கடல் பக்கம் திருப்பினார். அப்போது அந்தப் பக்கம் வலை போட்டு வைக்கும் கொட்டகைகளும் எங்கள் வீடும்தான். இறங்கி வந்து, "மீனுங்க கேட்டுகினு வரட்டும்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் மனு கொடுக்கவில்லை. யாருக்கும் மனசு கெடவில்லை. ஆடி மாதத்தில் கோயில் பசங்களிடமும் நீ போய் நின்றாய். அதன் பிறகு அவர்களே, "நர்ஸக்கா வந்துட்டாங்க, சவுண்டக் கொறடா" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வார்கள். ஒரு தெருவே உன் தூக்கத்தைத் தெரிந்து வைத்திருந்தது.

காய்ச்சல் என்று படுத்தாய். எழவில்லை. நீ வேலை பார்த்த வார்டிலேயே உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த பிறகு குழாயைப் பற்றி எவருக்கும் நினைவு வரவில்லை. உன் அம்மாவுக்குத்தான் வந்தது.

"இப்ப இங்க யாரும்மா பகல்ல தூங்குறா? பழையபடி திருப்பச் சொல்லு" என்றார்கள் ஒரு நாள். காது மந்தமாகிவிட்டது அவர்களுக்கு. கடல் பக்கம் போகிற குரல் அந்த ஜன்னலை எட்டுவதில்லை. உன் தம்பி போனில் பாங்கு வருகிற மாதிரி ஏதோ செய்து வைத்துவிட்டுப் போனான். காதோடு வைத்தால் கேட்கிறதுதான். "அது யாரோ அரபு தேசத்துக்காரன் கொரலு. எனக்கு நம்ம மோதினார் கொரலு வேணும். அவ எந்நேரமும் திட்டிகினு இருப்பாளே, அந்தக் கொரலு."

மோதினாரிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை தாண்டட்டும், ஏறிடுறேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. வலைக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. குழாய் நேராக அதன் பால்கனியைப் பார்க்கிறது. அங்கே முதல் மாடியில் இருக்கும் பெரியவர், ரிட்டயர் ஆனவர், குழாயையே இறக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் மனைவி படுத்த படுக்கை. விடிகாலையில் திடுக்கிட்டு விழித்தால் அந்த அம்மாளுக்குக் கை கால் உதறுகிறதாம். அவர் வந்து மோதினாரிடம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டார். அது எங்கெங்கோ போயிற்று. டி.வி.யில் நான்கு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்து, சத்தம் எவ்வளவு தொல்லை என்பதைப் பற்றி ஒரே நேரத்தில் கத்தினார்கள். பள்ளிவாசல் ஜமாஅத் பிள்ளைகள் பதிலுக்கு, "இறக்குறது இல்ல, ஒரு இன்ச் திரும்பாது" என்றார்கள்.

சமுதாயக் கூடத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். டீச்சர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நெடுநேரம் கேட்டுவிட்டு நான் எழுந்தேன்.

"சார், அதப் பழைய பக்கமே திருப்பிட்டா எல்லாருக்கும் சரியாயிடும். அது மொதல்ல கடல் பக்கம் இல்ல. நைட் டூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்குற ஒரு நர்ஸுக்காகத் திருப்பினது. அவங்க இப்ப உயிரோட இல்ல. அந்தப் பக்கம் பாங்கு கேக்கணும்னு ஒரு அம்மா காத்துகினு இருக்காங்க."

இதோடு முடிந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன்.

பெரியவர் முன்னால் சாய்ந்தார். "பாத்தீங்களா சார், அவங்க ஆளுங்களாலேயே தூங்க முடியல. அந்த நர்ஸ் பேரு என்னம்மா? மனுவுல சேத்துடலாம்."

ஜமாஅத் பக்கத்திலிருந்து, நம் தெருவில் நான் பார்த்திராத ஒரு பையன் எழுந்தான். "நம்ம வூட்டுப் பொண்ணா பாங்கு வாணாம்னுச்சு? சொல்லு டீச்சர், யாரு அது? பேரச் சொல்லு."

அன்றைக்கு இரண்டு தரப்பும் ஒன்றாகக் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அதற்குள் வெளியே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது தாண்டும்வரை எல்லோரும் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். அந்த இடைவெளியில் மோதினாரைப் பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"பேரு ஞாபகம் இல்ல" என்றேன்.

உன் பெயரை, நான். நீ இருந்திருந்தால் முதுகில் ஓர் அடி வைத்திருப்பாய். இந்த மடலிலும் அதை எழுதவில்லை, பார். யார் கையில் கிடைக்கும் என்று தெரியவில்லை.

"யாரும் எதையும் தொடாதீங்க. எறக்கவும் வேணாம், திருப்பவும் வேணாம். இருக்குற மாதிரியே இருக்கட்டும்" என்று இன்ஸ்பெக்டர் முடித்துவிட்டார். திருப்பவில்லை என்பதில் ஜமாஅத் பிள்ளைகளுக்கு ஜெயம். காவல் நிலையத்தில் புகார் பதிவாகிவிட்டது என்பதில் குடியிருப்புக்காரர்களுக்கு ஜெயம். அந்தப் பெரியவரின் மனைவிக்கு விடிகாலைத் திடுக்கிடல் அப்படியே இருக்கிறது.

வாசலில் மோதினார் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "அந்தப் புள்ள பேர இவங்க வாயில வுடாதம்மா. ஏணியும் கீது, ஸ்பேனரும் கீது. இப்ப நான் காலத் தூக்கி வெச்சா பத்து போனு படம் புடிக்கும்."

உன் அம்மாவிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"திருப்பிட்டாரா?"

"இல்லம்மா. யாரும் கைய வெக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அவளுக்கு மறுநாளே நடந்துச்சு" என்றார்கள். பிறகு முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்கள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வந்தால் தொண்டையில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. ஆனால் நீ திருப்பச் சொன்ன நாளிலிருந்து அந்தக் குரல் எங்கள் வீட்டுப் பக்கம்தானே வருகிறது. சாயங்காலப் பாங்கு கேட்டதும் இறங்கித் தெருவைத் தாண்டி உன் வீட்டுக்குப் போகிறேன். மற்ற வேளைகளுக்கு என்னால் முடியாது. உன் அம்மாவின் தோளைத் தொட்டு, "பாங்கு சொல்லிட்டாரும்மா" என்பேன். அவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்பார்கள்: "இன்னிக்குக் கொரலு எப்பிடிம்மா?"

முதல் நாள் எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் காதில் விழுந்ததை நான் கேட்டிருக்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் குரல் பிசிறுகிறது என்று மாடியிலேயே மனசில் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். நேற்று, "சளி புடிச்சிருக்கு போல, கடைசில கம்மிடுச்சு" என்றேன். "பனங்கல்கண்டு குடுத்தனுப்பணும்" என்றார்கள்.

இன்று பனங்கல்கண்டுப் பொட்டலம் அவர்கள் கட்டிலில் தயாராக இருக்கும். துணியை மடித்து வைத்துவிட்டேன். காகம் எழுந்து போய்விட்டது. குழாயில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்கிறது.