நிறுத்தி வைத்த மூன்றாம் ஓலை

தாராவி, பம்பாய்
11-6-1989

சேசு மரி சூசை துணை.

மதிப்பிற்குரிய சேசுராஜ் அத்தானுக்கு ரெஜினா எழுதிக்கொண்டது. இங்கே அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கவேண்டியதில்லை. அத்தனை பக்கம் எழுதுகிற ஆள் சுகமாகத்தான் இருப்பார். மழை பிடித்துக்கொண்டது. சயானில் தண்டவாளம் முங்கி, நேற்று ஆபீசிலிருந்து வரும்போது தாதரில் இறங்கி நடந்தே வந்தேன்.

போன ஞாயிறு லாசர் மாமா உங்கள் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செம்பூரிலிருந்து வந்தார். அவருக்கு எழுதியதோடு சேர்த்து நீங்கள் அனுப்பியது, உறையில் என் பெயர் இருந்ததால் பிரிக்கக்கூட இல்லை. படிக்கப்போன மகன் வியன்னாவில் உலக அணுசக்தி ஆபீசுக்குள்ளேயே போய்விட்டு வந்திருக்கிறானே! பூசை முடிந்து வந்த ஊர்க்காரர்களையெல்லாம் எங்கள் வீட்டில் உட்காரவைத்து, "நல்லா சத்தமா வாசி தாயி, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். வருங்கால மாமனார் சொன்னால் தட்டமுடியுமா? வாசித்தேன்.

ஆகா, என்ன வர்ணனை! ஆற்றோரம் வளைந்து நிற்கிற கட்டடம், வாசலில் வரிசையாகக் கொடிகள், சட்டையில் குத்திவிட்ட பேட்ஜ், சும்மா கொடுத்த பேனா. மாணவர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தானாம். சுற்றிக்காட்டிய அம்மாள் நல்ல கேள்வி என்றாராம். அதற்கே ஒரு பக்கம். அந்த ஆபீஸ்காரர்களை நான் குறை சொல்லவில்லை. பாவம், வந்த பிள்ளைகளுக்குக் காபி கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு காபியிலேயே நீங்கள் விஞ்ஞானி ஆகிவிட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் நம் ஊருக்கு வந்தீர்கள். கூடங்குளத்தில் அணு உலை வந்தால் நாடே வெளிச்சமாகும், சுவர் அத்தனை கனம், துளி ஆபத்தும் கிடையாது, கோஷம் போடுகிறவர்கள் வலையைத் தவிர ஒன்றும் அறியாத மூடர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்த மூடர்களில் உங்கள் சவரியம்மாள் அத்தையும் ஒருத்தி. என்னைப் பெற்றவள், கறுப்புக்கொடி பிடித்து வெயிலில் நின்றவள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாமா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கே, படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. கரண்ட் யாருக்குத்தான் வேண்டாம்?

கடைசிப் பக்கம் வந்தது. முதல் பிள்ளையை நான் தாய்வீட்டில் பெறவேண்டாம் என்கிறீர்கள். அந்தக் கரைக்கே இனிப் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாதாம். செம்பூரும் வேண்டாமாம், அப்பா வீட்டு மொட்டைமாடியில் நின்றால் டிராம்பே அணு உலை தெரிகிறதாம். எங்கேயோ தள்ளியிருக்கிற டோம்பிவிலியில் வீடு பார்த்துவைக்கவேண்டுமாம். எதற்கு வம்பு என்று முடித்திருந்தீர்கள். வாசிக்கிற வேகத்தில் அதையும் வாசித்துத் தொலைத்தேன்.

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள்தான் முதலில் சிரித்தாள். "நல்ல மாப்பிள்ளைதாம்ளா! ஊருக்கு உலை, அவரு புள்ளைக்கு டோம்பிவிலியா?" என்றாள். வீடே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. இத்தனை வருடம் அந்த மாடிவீட்டில் உங்களை வளர்த்தவர், எழுந்து மழையில் இறங்கிப் போய்விட்டார். அவர் குடை இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. சீ, இதற்கா அவ்வளவு தூரம் போய்ப் படித்தீர்கள்?

கோவிலில் நம் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இன்றைக்கு மூன்றாவது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று தரம் வாசிப்பது சும்மா ஒப்புக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காலையில் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் போய், இன்று வாசிக்கவேண்டாம் என்றேன். யாரம்மா தடை சொல்கிறது என்று கேட்டார். மணப்பெண்தான் சாமி என்றேன். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.

அத்தான், நம் பிள்ளை அந்தக் கரையில், என் அம்மா வீட்டில் பிறக்கட்டும் என்று எழுதுங்கள். அது முடியாதென்றால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதையும் இதே ஆட்களைக் கூட்டிவைத்துச் சத்தமாக வாசிக்கிறேன். பயப்படுகிறவரைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம், எனக்கும் பயம்தான். ஊராரைப் பயப்படாதே என்று அதட்டிவிட்டுத் தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எனக்கு வேண்டாம்.

மாதா உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல சுகமும் தரட்டும். சீக்கிரம் பதில் போடுங்கள். அம்மாவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என் பேறுகாலத்துக்கு ஒழுகக்கூடாதென்று அவள் அங்கே உள்ளறைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
இரண்டு ஓலை வரைக்கும் உங்களுடையவள்,
ரெஜினா