ஆறு ஞாயிறு

பெப்ரவரி 25, 2009. திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு ஜவுபரின் புடவைக் கடை வாசலில் என் தையல் மெஷினைத் திறந்தேன்.

"இந்த முறை என்னத்த விடப்போற மச்சான்?"

"சாராயம். நாப்பது நாளைக்கு."

ஜவுபர் சிரித்தான். சிரிக்கட்டும். சுனாமியில் மகன் போன பிறகு வந்த நாலு தவக்காலத்திலும் இதையேதான் சொன்னேன். ஒருமுறைகூட இரண்டாம் கிழமையைத் தாண்டியதில்லை.

மனைவி எமிலி மகள் தர்சினியோடு தாய் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம். மே 24 தர்சினிக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டையை நான்தான் தைப்பேன் என்று சொல்லியனுப்பினேன். "கை நடுங்காம ஊசியில நூல் கோக்கட்டும், பிறகு பாப்பம்" என்று பதில் வந்தது. குத்தல்காரி. ஆனால் சொன்னது சரிதானே?

பெப்ரவரி 27

ஒருநேரச் சாப்பாடு. உடம்பெல்லாம் வேர்வை. ஊசிக் கண் இரண்டாகத் தெரிகிறது. ஜவுபர்தான் நூல் கோத்துத் தந்தான். வெட்கக்கேடு.

மார்ச் 1

ஞாயிறு தவக்காலக் கணக்கில் சேராது. குடித்தேன். சட்டப்படி.

மார்ச் 2

தலையிடி. ஜவுபர் கலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"புதனிலிருந்து ஒங்கட பெருநாளுக்கு முதல்நாள் வரைக்கும் நாப்பத்தாறு வருது. ஆறு நாள் எங்க?"

"ஞாயிறு ஆறும் கணக்கில்ல."

"நோம்புக்கும் லீவா! எங்களுக்கு ஜும்ஆ வெள்ளியும் நோம்புதான்."

"தெரியாமக் கதைக்காத" என்று பாய்ந்தேன். கலண்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சொன்னான்:

"எங்களுக்கும் ஒரு ஆறு இரிக்கி. நோம்புப் பெருநாள் முடிஞ்சு பிடிக்கிற ஆறு நோம்பு. கடமையில்ல, விருப்பத்துக்குப் பிடிக்கிற. நீயும் பிடியன்."

நான் என்ன முஸ்லிமா? — ஏன், பிடித்தால் என்ன? போன ஞாயிறு போகட்டும். இனி ஞாயிறுக்கும் லீவில்லை. பாஸ்காப் பெருநாளுக்குப் பிறகு அந்த ஆறு நாளும் சேர்த்துச் சாராயமில்லை. அவனுக்குக் காட்டுகிறேன்.

மார்ச் 15

இரண்டாம் கிழமை தாண்டியாயிற்று! இன்றைக்கும் ஞாயிறுதான், தொடவில்லை. மகனை நினைத்து அழுதேன். குடிக்காமல் அவனை நினைத்து அழுதது இதுதான் முதல் தடவை. அழுது முடிய நன்றாகப் பசித்தது.

ஏப்ரல் 10. பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் பதினான்கு தலத்திலும் முழங்காலிட்டு எழும்பினேன். யாரும் கை தரவில்லை, தேவைப்படவுமில்லை.

ஏப்ரல் 12. உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிய எமிலியின் தம்பி கால் போத்தல் சாராயத்தை என் கையில் திணித்தான். "அத்தான், தவக்காலந்தான் முடிஞ்சுதே." ஜவுபரும் முன்பே சொல்லியிருந்தான், பெருநாளன்று நோன்பு பிடிக்கக்கூடாதாம். ஆக, இரண்டு மார்க்கத்துச் சட்டப்படியும் எனக்கு இன்று லீவு.

லீவு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். வீடுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆர் பார்த்தால் என்ன!

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. நாலு வீட்டில் கூப்பிட்டார்கள். நாலு வீட்டிலும் பலகாரம் மட்டும்.

ஏப்ரல் 18

ஆறும் முடிந்தது. ஜவுபர் வீட்டிலிருந்து பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பம் வந்தது.

ஏப்ரல் 19

இன்றைக்கு எந்தக் கணக்கும் இல்லை, கேட்க ஆளுமில்லை. குடிக்கவில்லை.

மே 19

வடக்கில் சண்டை முடிந்ததென்று றேடியோ சொன்னது. தெருவில் பட்டாசு வெடிச் சத்தம். அங்கே இருந்த சனத்தை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். யாரோ ஒரு கிளாஸை நீட்டினார்கள். முன்பென்றால் சந்தோஷத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. என் மடியில் தர்சினியின் சட்டைக்கான வெள்ளைத் துணி இருந்தது. "ஊத்துப்பட்டாக் கறையாயிடும், தள்ளி நில்லுங்க" என்றேன்.

மே 24

தர்சினி சட்டையைப் போட்டுக்கொண்டு கோவில் வாசலில் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். எமிலி கழுத்தைச் சரிசெய்யக் குனிந்தாள். பொத்தானொன்று அவள் கையோடு வந்துவிட்டது. நான் தைத்த பொத்தான்! அறுந்ததா, அறுத்தாளா தெரியாது.

கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, கோத்துத் தாங்க." என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் தடவையிலேயே கோத்தேன்.

அவளுடைய பெட்டி இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.