என் கால்களை நேர்ந்துவிட்டவளுக்கு

சாஸ்வட்
6-7-1964

அன்புள்ள தங்கமயிலுக்கு இசக்கிமுத்து எழுதிக்கொள்வது. முழங்காலுக்கு மேலே நான் நலம். கீழே உள்ளதைப் பற்றி இப்போதைக்குச் சொல்வதற்கில்லை. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்காத சாமி இந்த வழியில் பாக்கி இல்லை.

ஊரில் கிடா நேர்ந்துவிடுவார்கள், சேவல் நேர்ந்துவிடுவார்கள். புருஷனின் கால்களை நேர்ந்துவிட்டவள் தாராவியிலேயே நீ ஒருத்திதான். பிள்ளை பிறக்கும் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அன்று, திரும்பி வரும் வழியிலேயே வடாலா கோயில் விட்டலரிடம், நான் பண்டரிபுரத்துக்கு நடந்தே வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். பலசரக்குக் கடையில் உட்கார்ந்தே பிழைத்தவன் அவ்வளவு தூரம் எப்படி நடப்பான் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? எல்லோரும் காரியம் முடிந்த பிறகுதானே நேர்த்திக்கடன் செலுத்துவார்கள் என்று நான் சொன்னேன். "போன ரெண்டு தடவையும் பொறவு செய்யுதோம்னுதான சொன்னோம்" என்றாய். அன்றைக்கே போய்ச் செருப்புக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் தெருவிலேயே தைத்தது என்று பெருமையாகப் போட்டு வந்த புதுச் செருப்பு பூனா வருவதற்குள் என்னைக் கடித்துக் குதறிவிட்டது. இப்போது அது பக்கத்து வீட்டுச் சாவந்தின் மூட்டைக்குள் இருக்கிறது. இது அவருக்குத் தெரியாது. வருஷா வருஷம் நடக்கிற மனிதர், மில்லுக்குப் போவது போல வீசி நடக்கிறார். பாட்டுப் பாடுகிறவர்கள் என் கையிலும் ஒரு ஜோடி தாளத்தைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் தட்டினேன். பிறகு அவர்களே மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பாக்ரி என்கிற சோள ரொட்டியும் மிளகாய்ச் சட்னியும் வயிறு நிறையக் கிடைக்கிறது. சோறு என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்று இங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

இங்கே ஒரு வழக்கம். ஒருவரை ஒருவர் பார்த்தால், தாய் என்ற அர்த்தத்தில் "மாவுலி" என்று சொல்லிக் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். வயது வித்தியாசமே கிடையாது. முதல் நாள் என் அப்பா வயதில் ஒருவர் குனிந்ததும் நான் பதறிப் பின்னால் குதித்து, துளசித் தொட்டியைத் தலையில் சுமந்து வந்த ஓர் அம்மாள் மேல் மோதினேன். இப்போது யார் குனிந்தாலும் ஓடுகிறேன். பக்தியால் இல்லை, கொப்புளத்தைத் தொட்டுவிடுவார்களே என்ற பயம்.

நேற்று நடந்ததை உன்னிடம் மறைக்க முடியாது. திவே காட் என்று ஒரு மலையேற்றம். பாதையைப் பார்த்ததுமே எனக்குக் கண்ணைக் கட்டியது. கூடாரச் சாமான் ஏற்றிய லாரி பக்கத்தில் வந்தது. சாவந்த் முன்னால் போய்விட்டார். ஏறி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். நல்ல காற்று. பாதி மலை வந்ததும்தான் உறைத்தது. நீ நேர்ந்துவிட்டது என் காலை, லாரி டயரை அல்ல. விட்டத்தைப் பார்த்தபடி நீ படுத்திருப்பது கண் முன்னால் வந்தது. டிரைவரைத் திட்டாத குறையாக நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

அங்கிருந்தே ஏறியிருக்கலாம்தான். மனசு ஒப்பவில்லை, அடிவாரத்துக்கே திரும்பி நடந்தேன். ஆயிரக்கணக்கான பேர் மேலே வர, எதிரே இறங்கியவன் நான் ஒருவன்தான். மலையை இரண்டு முறை ஏறுகிற பெரிய பக்தன் என்று நினைத்துவிட்டார்கள். வரிசையாக என் காலில் விழுந்தார்கள். வெட்கம் தாங்காமல் நானும் அவர்கள் காலில் விழுந்தேன். ஏறியதைவிட இறங்கியதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு மீசைக்காரரைப் பிடித்து நிறுத்தி, லாரியில் ஏறிவிட்டேன் என்று கடையில் பேசிப் பழகிய இந்தியில் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுபடியும் என் காலைத் தொட்டார். அந்த முறை நான் ஓடவில்லை. அடிவாரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப ஏறினேன். இங்கே வந்து சேர்ந்தபோது சாவந்த் என்னைத் தேடி ஊரையே கூட்டியிருந்தார். திட்டிக்கொண்டே எண்ணெய் தேய்த்துவிட்டார்.

கனகவள்ளி மதினியிடம் சொல், குழாயடிச் சண்டை எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும் உன்னை எட்டிப் பார்க்க விடக் கூடாது. கடையைக் கடைப் பையன் தங்கசாமியே பார்த்துக்கொள்ளட்டும். அவன் எடை போடுவது சரியில்லை என்று நீ கட்டிலிலிருந்து கத்த வேண்டாம். வழியில் இனி வரப்போகிற பல்தண் ஊர்த் தபாலாபீசுக்கு என் பெயருக்கு ஒரு கார்டு போடு, படுத்தபடியே எழுது. கையெழுத்து கோணலாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

போன இரண்டு தடவையும் நமக்குக் கைவிட்டுப் போன அந்த ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது என்பது எனக்கு நினைவிருக்கிறது தங்கமயில். பகலெல்லாம் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு நடக்கிறேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது. நாளை விடியும் முன்பே கிளம்ப வேண்டும், மழை விடுவதாக இல்லை. அது கிடக்கட்டும். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் நடந்துவிடுகிறேன். மூன்று பேருக்கும் சேர்த்து நீ படுத்திரு.

இப்படிக்கு,
வழியில் இருக்கும் உன் இசக்கிமுத்து