கிளாக்கின் மேல் தட்டிய பேனா

மச்சான், பெரிய நியூஸ், வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கோவில்பதாகையில் உன் பெயரில் செஸ் போட்டி, ஆமாம் உன் பெயரில்தான், போனில் இல்லை, நிஜப் பலகையில், நிஜக் காய்களை வைத்து, ஃபைனல் உன் கிளாக்கில்!!!

இப்போது அந்தச் செஸ் கிளாக் என் மேஜையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு முகம், நடுவில் சாவி, தலையில் இரண்டு பொத்தான். ஞாயிற்றுக்கிழமை நிற்காமல் ஓடுமா என்று பார்க்கச் சாவி கொடுத்து வைத்தேன். வலது பக்கப் பொத்தான் இன்னும் அழுத்தமாகத்தான் இருக்கிறது. கட்டைவிரல் வைத்து அமுக்கினால்தான் இறங்குகிறது. டக். அந்தச் சத்தம் கேட்டதும் உனக்கு எழுத வேண்டும் போல் இருந்தது.

நாம் சந்தித்த கதையை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆன்லைன் செஸ்ஸில் நீ 'யானைக்காரன்'. உன் ஊர், முகம், வயது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ராணியைக்கூட வெட்டக் கொடுப்பாய், யானையைக் கொடுக்க மாட்டாய். ஒரு நாள் நாம் ஆடிக்கொண்டிருந்தபோது மழையில் வெளியே டமால் என்று ஒரு சத்தம். கரண்ட் போய், வைஃபை போய், மொபைல் டேட்டாவில் திரும்ப உள்ளே வந்தால் நீயும் அப்போதுதான் வருகிறாய்.

"சாரி, டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிருச்சு" என்று சாட்டில் போட்டேன்.

"இன்னாது? இங்கியும் டமால்னுச்சு. நீ எங்க கீறே?"

"ஆவடி பக்கம். கோவில்பதாகை."

"டேய்! நான் உன் பின்னாடி குவார்ட்டர்ஸ்ல கீறேன்டா!"

பிறகு குடையோடு எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றாய். நான் சேலத்திலிருந்து வந்து சேர்ந்த புதுசு, பேச ஆள் கிடையாது. உங்கள் அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் விருதுநகர், ஆனால் நீ பிறந்தது முதல் ஆவடி. நான் "என்ன" என்று சொன்னால் "இன்னா" என்று திருத்துவாய். "மொதல்ல பாஷ கத்துக்கோ, அப்பால செஸ்ஸு."

எங்கள் படிக்கட்டில்தான் நீ பலகையை விரித்தாய். வீடியோ பார்த்தும் போனில் ஆடியும் மட்டுமே செஸ் படித்த எனக்கு, கையால் காயைத் தொடுவதே புதுசு. போனில் நகர்த்துகிற பழக்கத்தில் குதிரையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே போனேன். நடுவில் இருந்த சிப்பாய்கள் எல்லாம் உருண்டன. "அய்ய, இன்னா மாமே, குதிரைய தரதரன்னு இஸ்துகினு போறே? அது தாவணும்டா" என்று நீ சிரித்த சிரிப்பில் மேல்மாடி மாமா கதவைத் திறந்து பார்த்தார். நம்மிடம் பலகை இருந்தது, காய்கள் இருந்தன, கிளாக் மட்டும் இல்லை. அதனால் என்ன ஆகப்போகிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வேலப்பன்சாவடி கல்லூரிப் போட்டி. முதலிடம் பிடிக்கிறவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட், கூடவே ஹாஸ்டல். என் மதிப்பெண்ணுக்கு அந்தச் சீட் கிடைத்தால் நல்லது. உனக்கு அது நல்லது மட்டும் இல்லை. உங்கள் அப்பா ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், குடும்பம் ஊருக்குத் திரும்புகிறது. ஹாஸ்டலோடு சீட் கிடைத்தால் நீ இங்கே இருப்பாய். இல்லையென்றால் விருதுநகர். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எனுக்கு ஆவடிய உட்டா வேற எங்கியும் வழி தெரியாது மச்சான்."

ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக் கடைசிச் சுற்றில் நாம் இரண்டு பேருமே எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. ஜெயிக்கிறவனுக்குச் சீட். கை கொடுத்துவிட்டு ஆரம்பித்தோம்.

ஆட்டத்தின் நடுவில் நான் குதிரையை நகர்த்திவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். போனில் ஆடியவனுக்கே வருகிற தப்பு அது. போனில் காயை வைத்ததும் கிளாக் தானாக மாறிவிடும். அங்கே நாமே பொத்தானை அமுக்க வேண்டும், அப்போதுதான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். முதல் சுற்றுகளில் நினைவு வைத்து அமுக்கிக்கொண்டிருந்தவன், உன்னைப் பார்த்ததும் நம் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற நினைப்பில் மறந்துவிட்டேன். நீ யோசிக்கிறாய் என்று நான் நினைக்க, ஓடிக்கொண்டிருந்தது என் நேரம்.

நீ சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. விதியில் அப்படி எதுவும் கிடையாது. சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், என் நேரம் தீர்ந்து, சீட் உனக்கு. ஆவடி உனக்கு.

டொக். டொக்.

நிமிர்ந்து பார்த்தேன். நீ பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நகர்வுகளை எழுத உன் கையிலிருந்த பேனா மட்டும் கிளாக்கின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. பாய்ந்து அமுக்கினேன். பக்கத்துப் பலகைக்காரன் உன்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

மச்சான், அதற்குப் பிறகு நீ விட்டுக்கொடுத்து ஆடியிருந்தால் உன்னை நான் மன்னித்திருக்கவே மாட்டேன். ஆனால் என்ன அடி அடித்தாய்! செக் மேல் செக், என் ராஜா மூலைக்கு மூலை ஓடினான். என் நேரம் சொட்டுச் சொட்டாகக் குறைய, உன் கண்ணில் கொஞ்சமும் இரக்கம் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கணம், நீ யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தாய். என் குதிரை தாவியது. ஒரே தாவலில் உன் ராஜாவுக்குச் செக், யானைக்கும் வெட்டு. ராஜா நகர்ந்தான், யானை போனது, அதோடு ஆட்டமும். யானைக்காரனின் யானை!

வெளியே வந்து டீ வாங்கினோம். என்னால் குடிக்க முடியவில்லை.

"ஏன்டா தட்டுனே? சும்மா இருந்திருந்தா சீட்டு உனக்குத்தானே?"

"உன் மண்டையோட ஆட வந்தேன்டா. கிளாக்கோட ஆடவா வந்தேன்?"

"இப்ப ஊருக்குப் போகணுமே..."

"போனா இன்னா? அங்க சிக்னல் இல்லியா? நீ ஒயிங்கா ஜெயிச்சே. நான்தான் யானைய தூக்கி உன் வாயில வெச்சேன். மூஞ்ச தொங்கப் போட்டுகினு நின்னேன்னு வெச்சுக்கோ, டீய மேல ஊத்திடுவேன்."

சொல்லிவிட்டு என் டீயையும் சேர்த்து நீயே குடித்தாய்.

ஆவடி ஸ்டேஷனில் உன்னை வழியனுப்ப வந்தபோது செய்தித்தாளில் சுற்றி இந்தக் கிளாக்கைக் கொடுத்தாய். பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி வாங்கினாயாம். "பொத்தான் கொஞ்சம் டைட்டு. அமுக்கிப் பழகு நைனா." அவ்வளவுதான் சொன்னாய். ரயில் கிளம்பிய பிறகும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கட்டைவிரலால் காற்றை அமுக்கிக் காட்டிக்கொண்டே போனாய்.

நான் அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். நீ ஊரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாய். போனில் மெதுவான ஆட்டம் ஒன்று ஆரம்பித்தோம், ஒரு நகர்வுக்கு நாள்கணக்கில் நேரம். பஸ்ஸில் உன் நகர்வைப் பார்ப்பேன், வகுப்பில் யோசிப்பேன், சாப்பிடும்போது பதில் போடுவேன். அந்த ஆட்டத்தில் நீதான் ஜெயித்துக்கொண்டிருந்தாய். மழைக்காலத்தில் ஒரு மெசேஜ் வந்தது: "ஜொரம் மச்சான். மூவ் அப்பால போடுறேன். அவசரப்பட்டா யானை பூடும்."

அதுதான் கடைசி. அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் அம்மா போன் செய்து, "அய்யா, உன் சேக்காளி போயிட்டான்யா" என்று மட்டும் சொன்னார். பிறகு போனில் அழுகைதான் இருந்தது.

விருதுநகர் வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ரயிலில் என் போன் அதிர்ந்தது. அந்த ஆட்டம். 'எதிராளியின் நேரம் முடிந்தது. நீங்கள் வென்றீர்கள்.' மேலே கலர் காகிதங்கள் சிதறுகிற படம் வேறு.

மச்சான், உனக்கே தெரியும், அது என்னுடைய வெற்றி இல்லை. கிளாக் ஜெயித்தது. எனக்காக நீ தட்டினாய். உன் நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது தட்டுவதற்கு நான் பக்கத்தில் இல்லை, இருந்திருந்தாலும் எங்கே தட்டுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. அந்த ஆட்டத்தை நான் இன்னும் திறந்து பார்க்கிறேன். உன் யானைகள் இரண்டும் பத்திரமாக நிற்கின்றன.

அதற்காகத்தான் இந்தப் போட்டி. யானைக்காரன் கோப்பை. நம் கடைசி ஆட்டம் போல் இல்லாமல், எதிரெதிரே உட்கார்ந்து ஆடி முடிக்க வேண்டும். எல்லா விதியும் வழக்கமானதுதான், ஒன்றே ஒன்று தவிர. அதற்கு நடுவர் அண்ணனிடம் பெரிய சண்டை.

"எதிராளி கிளாக் அமுக்க மறந்தா ஞாபகப்படுத்தணுமா? இன்னா தம்பி ரூல் இது? மறந்தா அவன் பாடு!"

"அண்ணே, இது ஒண்ணு மட்டும் விட்டுக்கொடுங்க."

"ஆட்டத்துல எதிராளிகிட்ட பேசவே கூடாது, தெரியும்ல?"

"பேச வேணாம்ண்ணே. பேனாவால கிளாக்க தட்டுனா போதும்."

எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன். பேனா தட்டுனா, எனுக்கு அந்தக் காது கேக்காது."

இப்போதும் ஜெயிக்க வேண்டும் என்கிற வெறி எனக்குக் குறையவில்லை. ஆனால் எதிரே இருப்பவன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டால் என் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. தட்டிவிட்டு, அப்புறம் இரக்கமே இல்லாமல் அடிக்கிறேன். நீ எனக்குச் செய்ததைப் போலவே.

இதைப் படிக்கிற மக்களே, ஞாயிறு காலை எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடிக்கு வந்துவிடுங்கள். அம்பத்தூர், பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், எங்கிருந்தாலும் வாங்க. உங்கள் குரூப்பில் எல்லாம் இதைப் போடுங்கள். முக்கியமாக, போனில் மட்டுமே ஆடி, ஒரு காயைக்கூடக் கையால் தொடாதவர்கள் இருப்பீர்களே, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். குதிரையைத் தரதரவென்று இழுத்தாலும் பரவாயில்லை. கிளாக் அமுக்க மறந்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள்.

எதிரே இருப்பவர் தட்டுவார்.