உப்பு மணக்கும் என்றீர்கள்

அக்கா,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மொன்றியலின் மேற்குப் பக்கம், ரொக்ஸ்பரோவில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் குசினி ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் வரை பனிக்குள் புதைந்து, மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். ஐம்பது கடந்தவன், தொப்பையும் தொப்பியுமாக. ரயிலால் இறங்கி நடந்தபோது வெங்காயமும் பெருஞ்சீரகமும் எண்ணெயில் பொரிகிற வாசம் வந்தது. கால்கள் தாமாகத் திரும்பிவிட்டன.

அந்த வாசத்துக்குள் நீங்கள் நின்றீர்கள். வெள்ளை மேலங்கி, வலைத்தொப்பிக்குள் கொண்டை. கல்லூரிச் சமையற்கூடத்தின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே மொன்றியல் இருக்கிறதா கரைந்துவிட்டதா என்று தெரியாத ஒரு மத்தியானம்.

உணவியல் டிப்ளோமா வகுப்பில் நரைத்த தலைகள் நம் இரண்டும்தான். மற்றவர்கள் நம் பிள்ளைகளின் வயது. வைத்தியர் எனக்குச் சீனி வியாதி என்றதும், எதிரியைப் படித்தே வெல்வது என்று நான் சேர்ந்தேன். இடைவேளைகளில் டோனட் தின்றபடி. நீங்கள் விளையாட்டுக்கு வரவில்லை. சட்டைக் கொலர் தைக்கும் தொழிற்சாலையில் தோள்மூட்டைத் தேய்த்துவிட்டு வந்தவர். டிப்ளோமா கிடைத்தால் ஒரு முதியோர் இல்லக் குசினியில் வேலை காத்திருந்தது. "இதில தவறினா, தம்பி, நான் திரும்பக் கொலர் தைக்கத்தான் போகோணும்" என்பீர்கள்.

புரதமோ நார்ச்சத்தோ பிரெஞ்சு வினைச்சொல்லோ உங்களை மிரட்டவில்லை. மிரட்டியது ஒரு சிறு கரண்டி. பரிமாற முன் ருசி பார்க்க வேண்டும் என்பது செய்முறைப் பாடத்தின் விதி. நீங்களோ, வெள்ளிக்கிழமைக் கறியைச் சாமிக்குப் படைக்க முன் நாக்கில் வைத்தால் எச்சில் என்ற வீட்டில் வளர்ந்து, பிறகு எந்தக் கிழமையும் நாக்கில் வைக்காதவராகவே ஆகிவிட்டவர். சட்டிக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஓர் இழுப்பு. அவ்வளவுதான்.

"உப்பு எப்பிடியக்கா தெரியும்?"

"உப்பு மணக்கும்."

"எனக்கு மணக்கேல்லையே."

"உமக்கு இருக்கிறது டோனட் மூக்கு."

உங்கள் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் கைப்பைக்குள் ஊறுகாய் கொண்டுபோவதாக ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் வரை கதை இருந்தது. வெறும் வதந்தி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என் ஜாக்கெட் பையிலும் ஒரு சின்னப் போத்தல் இருந்ததே.

கடைசிச் செய்முறைத் தேர்வில் உங்களுக்குப் பருப்பு சூப். ஆசிரியை முன்னால் வந்து நின்று, ருசி பாருங்கள் என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னார். நீங்கள் முகர்ந்தீர்கள். அவர் கரண்டியைக் காட்டினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் சட்டி அடிப்பிடிப்பதுகூட எனக்குத் தெரியவில்லை. தைக்காத கொலர்களெல்லாம் உங்கள் கண்ணுக்குள் வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

"பிள்ளையாரப்பா, கொஞ்சம் அங்கால பாரும்" என்று முணுமுணுத்துக் கரண்டியை வாயில் வைத்தீர்கள்.

உங்கள் முகம் மாறியதை இன்றும் நான் மெதுவாகத்தான் பார்க்கிறேன், காற்றில்லாத நாளில் பனி இறங்குவதுபோல.

"தம்பி, இதில உப்பே இல்லை."

"ஓம் அக்கா."

"அப்ப இவ்வளவு காலமும் சனம் என்ர வீட்டில..."

"ஊறுகாயோட அக்கா."

மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தீர்கள். பிறகு உப்புப் போட்டு, புதுக் கரண்டி எடுத்து, இன்னொரு முறை ருசி பார்த்து, சூப்பை ஆசிரியையிடம் நீட்டினீர்கள். தேறினீர்கள். நோய் உங்களைப் படுக்கையில் போடும் வரை அந்த முதியோர் இல்லத்தில் சட்டிகளை முதலில் முகர்ந்து, பிறகுதான் ருசி பார்த்தீர்களாம்.

நீங்கள் போன பிறகு என்னிடம் மிஞ்சியதும் அந்த ஓர் இழுப்புத்தான். கரண்டிக்கு முன் மூக்கு. "சட்டிக்குள்ள விழுந்திடாதையுங்கோ" என்று மனைவி பின்னால் நின்று சிரிப்பாள். நேற்று அந்த ஜன்னலுக்குக் கீழேயும் கண்ணை மூடி இழுத்தேன். சத்தியமாக அக்கா, முதன்முறையாக எனக்கு உப்பு மணத்தது.

அப்போதுதான் வீட்டுக்காரி கதவைத் திறந்தார். தமிழ்ப் பிள்ளை.

"அடுப்புத் திருத்த வந்தனீங்களோ அண்ணை? போன கிழமையில இருந்து சூடாகுதே இல்லை. ஒண்டும் சமைக்கேல்லை, இண்டைக்கும் பாணும் கடைச் சம்பலும்தான்."