ஐஸ் பெட்டிக்கு எந்தத் திரை, மச்சாள்?

என் ஆசை மச்சாள் ஜெனிற்றாவுக்கு,

தெரிகிறது! உச்சி வெயிலிலும் எழுத்துத் தெரிகிறது! இதை முதலில் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோது நம்முடைய ஐஸ் பெட்டிக் கருவி பாதியில் நின்றது. மீனுக்கு நடுவே சூட்டை அளக்கும் கம்பி தயார், பற்றரி தயார். ஐஸ் தாங்குமா, கரைக்குத் திரும்பவேண்டுமா என்று அண்ணா படகில் நின்றே பார்ப்பதற்கு ஒரு சின்னத் திரைதான் பாக்கி. அதற்காகத்தானே குசினி அடுப்படியில் அப்படிச் சண்டை பிடித்தோம்? புதுக்குடியிருப்பில் போன் திருத்தும் கடையில் பழகிய கை உங்களுடையது; நீல எழுத்து மின்னும் ஓலெட் திரைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். நான் பழைய பச்சை எல்சிடிக்குக் கொடி பிடித்தேன்.

"உது கல்குலேட்டர் மாதிரிக் கிடக்கு. இதைப் பாரடி, என்ன வடிவு!" என்றீர்கள். வடிவுதான், ஒத்துக்கொள்கிறேன். குசினிக்குள் வடிவு.

நீங்கள் போனபின் உங்கள் மனுசன் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. "அவள் இல்லாம எனக்கு உது வேண்டாம்" என்று அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபம்! நீங்கள் தொடங்கியது அங்கே தூசி பிடித்துக் கிடப்பதா? கெஞ்சி, அழுது, ஒருமுறை கரையில் வைத்துப் பார்க்க அண்ணாவைச் சம்மதிக்கவைத்தேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் முல்லைத்தீவுக் கரையில், படகின் விளிம்பில் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உங்கள் நீலத்தில் ஓர் எழுத்தும் இல்லை, மச்சாள்! என் பச்சையோ வெயில் ஏற ஏறத் தெளிந்தது. நீங்கள் நின்றிருந்தால் முகத்தை எப்படித் தூக்கிவைத்திருப்பீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். பச்சையைப் பெட்டியில் சரிவாகப் பூட்டி அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"ஒண்டும் தெரியேல்லை. கறுப்பாக் கிடக்கு."

"வடிவாப் பாருங்கோ அண்ணா."

"பாத்திட்டன். நான் அப்பவே சொன்னனான், விடு."

எனக்குப் பளிச்சென்று தெரிகிறது, அவருக்குக் கறுப்பு! வயரை ஆட்டினேன். எழுத்தின் கருமையைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருகினேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். நீங்கள் வாங்கிக்கொடுத்த கறுப்புக் கண்ணாடி! தண்ணீரின் கண் கூச்சத்தை வெட்டும் அந்தக் கண்ணாடி, சரிந்திருக்கும் எல்சிடியின் எழுத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறது.

அதைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வருமா? நித்திரைக்கு மட்டும்தான் கழற்றுகிறார். ஓடிப்போய்ப் பெட்டியைப் பறித்து, கண்ணாடி வெட்டாதபடி திரையின் சரிவை இடமிருந்து வலமாக மாற்றிப் பூட்டினேன்.

"ஓம்..." என்றார். பிறகு, "ஓம், தெரியுது!"

ஞாயிறு பூசை கழிய, திங்கள் விடிய அதைக் கடலுக்குக் கொண்டுபோனார். பெட்டியின் அடியில் கிடந்த மீன்கூட விறைப்புக் குறையாமல் வந்து சேர்ந்தது. அண்ணா வலையை உதறியபடி, "மேல் வரியில சூடு காட்டுது. கீழ் வரி ஏன் சும்மா கிடக்கு? அவளின்ர பேரைப் போடு. தமிழில போடு" என்றார்.

இந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது, மச்சாள். ஆனால் நாமே புள்ளி புள்ளியாக வரையும் எட்டு வடிவங்களுக்கு இடம் தரும். எண்ணிப் பார்த்தேன், உங்கள் பெயருக்கு ஆறே போதும்! மற்றதெல்லாம் வந்துவிட்டது, ‘ஜ’ மட்டும் நண்டு மாதிரி நிற்கிறது. அண்ணா அடுத்து வலை ஏற்றுமுன் அதைச் சரிப்படுத்திவிடுவேன், சத்தியம். பிறகு அவர் கடலில் தலை குனியும்போதெல்லாம் நீங்கள் தெரிவீர்கள்.

சண்டை பிடிக்க நீங்கள் இல்லாமல் தவிக்கும்
உங்கள் சின்ன மச்சாள்,
ஸ்ரெல்லா